கரண்டி அவள் கையில், கணக்கு யார் கையில்?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"பெண்களின் உடல்நலம் கெடப் பெரிதும் காரணம் அவர்களுடைய அலட்சியமா, குடும்பத்தின் அலட்சியமா?" என்பது தலைப்பு. குடும்பத்தின் அலட்சியமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இரண்டு கேள்வி கேட்டார். அடுப்படி அவள் கையில்தானே இருக்கிறது, எடுத்துச் சாப்பிட யார் தடுத்தார்கள்? சத்து மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது, அதை விழுங்காமல் வைத்திருப்பது யார்? கைதட்டலும் வாங்கினார். தைராய்டு, நீர்க்கட்டி, மூட்டுவலி என்று எல்லாவற்றையும் தொட எனக்கு நேரமில்லை. இரத்தசோகை ஒன்றை வைத்தே இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேல். ஒரே வீடு, ஒரே உலையில் வெந்த சோறு. மாதவிடாயில் இரத்தம் போகிறது, வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் சொன்னது. கூடுதலாக வேண்டியவள் தட்டில் கூடுதலாக விழுகிறதா?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. சட்டியில் எட்டுத் துண்டு. அப்பாவுக்கு இரண்டு, அண்ணன்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, அப்பத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கூட்டிப் பாருங்கள், எட்டு. அம்மா கடைசியாக உட்காருவார். குழம்புச் சட்டியிலேயே ஒரு பிடி சோற்றைப் போட்டு, சுற்றி வழித்துப் பிசைந்து சாப்பிடுவார். கேட்டால், இந்த ருசி யாருக்கு வரும் என்பார். கரண்டி அவர் கையில்தான் இருந்தது. ஆனால் தனக்கு முன்பே தீர்ந்துபோகும் அந்தக் கணக்கை அவர் போடவில்லை. வாக்கப்பட்டு வந்த வீட்டில் கற்றுக்கொண்டது. அது தப்பென்று எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அரிசி களையும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டு மெல்லுவார். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்பார்களே, "உனக்குத்தான் கல்யாணமாகி இருபது வருஷமாச்சே, இன்னும் எதுக்குடி தின்கிறாய்?" என்று அப்பத்தா கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குப் பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் என்று தின்னத் தோன்றும். அது நோயின் அறிகுறி. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

44 வயதில் அம்மாவுக்கு மாதவிடாய் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டது. நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது.

இப்போது அந்த மாத்திரைக்கு வருகிறேன். எங்கள் அம்மாவும் விழுங்கவில்லைதான். கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கிறதே என்று செவிலியர் கொடுத்த நான்கு அட்டைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தன. ஏன் என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, சிக்கிக்கொள்கிறது. நீங்கள் ஐந்து பேரும் போய்வந்த பிறகுதான் எனக்குக் கழிப்பறை, அதற்குள் அடுப்பு வேலை வந்துவிடும் என்றார். விழுங்கிய ஒன்றிரண்டு நாளும் டீயோடு விழுங்கியிருக்கிறார். டீயும் காபியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வீட்டில் ஆளில்லை.

இரத்தப்போக்கைக் குறைக்க டாக்டர் மருந்து கொடுத்தார். இரும்புச்சத்துக்கு அதே மாத்திரையைத்தான் போடச் சொன்னார். அன்று முதல் ராத்திரி சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆனதும், எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரும் மாத்திரையுமாக அப்பா வந்து நிற்பார். காலையில் கழிப்பறை முதலில் அம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன்களுக்கு ஒவ்வொரு துண்டு குறைந்தது. நான்காவது மாதம் பரிசோதித்தபோது 11.1.

அதே அம்மா, அதே மாத்திரை. இதற்கு எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே, நான் அமர்கிறேன். வணக்கம்.