விளக்கு மங்கினால் டெட்ராசைக்ளின்தானா?

நடுவர் அவர்களே, பாலில் தங்கிப்போன ஆண்டிபயாடிக்கைப் பிடிக்கச் சரியான ஆள் ஒளிரும் கார்பன் புள்ளிகளா, இப்போது இருக்கும் சோதனைகளா என்பது கேள்வி. நான் இரண்டாவது கட்சி.

எதிரணித் தங்கை அழகாகத்தான் பேசினார். இந்தக் கார்பன் புள்ளி 2004-ல் அமெரிக்காவில் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கிடைத்தது, 10 நானோமீட்டருக்கும் சின்னது, சிட்ரிக் அமிலத்தைச் சூடாக்கினாலே வந்துவிடும், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், டெட்ராசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் பட்டால் மங்கும், ஒரு சொட்டுப் பால் போதும். எல்லாம் சரி. ஏன் மங்குகிறது என்று மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே!

இந்த நீலப் புள்ளிகளைப் பெரும்பாலும் 360 நானோமீட்டர் பக்கத்து ஒளியால்தான் தூண்டுகிறார்கள், டெட்ராசைக்ளினும் கிட்டத்தட்ட அதே ஒளியைத்தான் விழுங்கும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயச வாளியையே பிடித்து வைத்துக்கொண்டால் நமக்கு என்ன வரும்? பல ஆய்வுகளில் நடப்பது இதுதான். அப்படியென்றால் அந்த ஒளியை விழுங்கும் வேறு எது வந்தாலும் மங்குமே! இரும்பு அயனி பட்டாலும் பல புள்ளிகள் மங்கும். அதை வைத்தே இரும்பைக் கண்டுபிடிக்கிறோம் என்று தனிக் கட்டுரைகள் வேறு. பாலில் இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் தானாகவே பச்சையாக ஒளிரும், கொழுப்பும் கேசின் என்ற பால் புரதமும் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் முதலில் புரதத்தைத் திரிய வைத்து, மையவிலக்கில் சுற்றி, வடிகட்டி... அப்புறம் என்ன "ஒரு சொட்டுப் பால் போதும்"?

இதைவிடப் பெரிய சங்கதி, மடிநோய் வந்த மாட்டுக்குப் பரவலாகப் போடுவது பென்சிலின் வகை. அது 360 பக்கம் ஒளியை விழுங்குவதே இல்லை. ஐரோப்பாவில் பாலுக்கு டெட்ராசைக்ளின் வரம்பு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம், பென்சைல்பென்சிலின் என்ற பென்சிலினுக்கு வெறும் 4. கறாராகப் பிடிக்க வேண்டியவனை விட்டுவிட்டீர்கள்!

எங்கள் கட்சியில் சூடு விரும்பும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. ஊதா ஜெல்லில் பாலை ஊற்றி 64 டிகிரியில் மூன்று மணி நேரம் போல வைத்தால், மருந்து இல்லாத பாலில் அது வளர்ந்து அமிலம் விட்டு ஜெல்லை மஞ்சளாக்கும். பென்சிலின் இருந்தால் ஊதா அப்படியே நிற்கும். மூன்று மணி நேரம் பால் லாரி காத்து நிற்காது என்பீர்கள், நியாயம்தான். அதற்குத்தான் சில நிமிடங்களில் கோடு காட்டும் சோதனைப் பட்டைகள் இருக்கின்றன.

"குறிப்பிட்ட மருந்தைத் தேடிப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைப் புள்ளியோடு ஒட்டிவிட்டால்?" என்று அடுத்தவர் எழுவார். ஒட்டுங்கள். ஆனால் அப்போது ஆளை அடையாளம் காட்டுவது ஆன்டிபாடி, புள்ளி அங்கே வெறும் விளக்கு. அதுபோன்ற பிடிப்பான்தானே எங்கள் பட்டைகளிலும் வேலை செய்கிறது! வாதத்தையே எங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். இல்லை என்றால் வடிகட்டாத பச்சைப் பால் ஒரு டம்ளர் இதோ மேசையில் இருக்கிறது, உங்கள் புள்ளியை விடுங்கள், பார்ப்போம்.