அசல் அசையல, வட்டி உள்ள தள்ளுது! இ.டி. வழக்கு, செட்டிநாட்டுக் கணக்குல

வணக்கம் மக்களே! 2010 ஜூலை. சொராபுதீன் போலி என்கவுன்டர் வழக்குல அமித் ஷாவை சிபிஐ கைது பண்ணுது. அப்போ மத்திய உள்துறை அமைச்சர் யாரு? நம்ம சிவகங்கை எம்.பி. ப.சிதம்பரம். அப்படியே 2019 ஆகஸ்ட் 21-க்கு வாங்க. டெல்லியில சிதம்பரம் வீட்டுச் சுவரேறிக் குதிச்சு அதே சிபிஐ அவரைப் பிடிக்குது. உள்துறை அமைச்சர்? அமித் ஷா! அன்னைக்கு பிஜேபி 'பழிவாங்கல்'னுச்சு, இன்னைக்கு காங்கிரஸ் அதையேதான் சொல்லுது. அமித் ஷாவை 2014 டிசம்பர்ல கோர்ட் விடுவிச்சிருச்சு.

பின்னணியை ஒரே மூச்சுல முடிச்சிர்றேன். சிபிஐ ஒரு மாநிலத்துக்குள்ள வர அந்த அரசோட ஒப்புதல் வேணும். தமிழ்நாடு 2023 ஜூன் 14-ல பொது ஒப்புதலைத் திரும்ப வாங்கிருச்சு. அதே நாள் விடியுறதுக்குள்ள, அப்போ திமுக அமைச்சரா இருந்த செந்தில் பாலாஜி கைது. பண்ணது இ.டி., அதாவது அமலாக்கத்துறை. அதுக்கு யார் ஒப்புதலும் தேவையில்ல.

இப்ப மேட்டருக்கு வருவோம். காரைக்குடிப் பக்கம் அசல்னா என்ன, வட்டின்னா என்னன்னு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். இ.டி. தானா ஒரு வழக்கைத் தொடங்க முடியாது. பிஎம்எல்ஏ, அதாவது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தோட அட்டவணையில இருக்குற ஒரு குற்றத்துக்கு, மோசடியோ லஞ்சமோ, முதல்ல வேற ஒருத்தர் வழக்குப் போட்டிருக்கணும். அது அசல். அதுல வந்த பணத்தை மறைச்சதா, மாத்துனதா இ.டி. போடுறது வட்டி. அசல் வழக்குல விடுதலையாகிட்டா வட்டி வழக்கும் நிக்காதுன்னு 2022 ஜூலை 27-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. புரோநோட்டே செல்லாதுன்னா வட்டி ஏது?

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அசல் நகரவே நகராதே! செந்தில் பாலாஜி மேல இருக்குறது, அவர் அதிமுக அமைச்சரா இருந்தப்போ போக்குவரத்துத் துறை வேலைக்குப் பணம் வாங்குனாங்கங்கிற புகார். அந்த அசல் வழக்குகள்ல குற்றம்சாட்டப்பட்டவங்க மட்டும் 2,000 பேருக்கு மேல. எப்ப முடியும்? வட்டி வழக்குல அவர் உள்ள இருந்தது 471 நாள்.

ஏன் இவ்வளவு நாள்? பிஎம்எல்ஏ பிரிவு 45. ஜாமீன் வேணும்னா, இவர் குற்றவாளி இல்லைன்னு நம்ப நியாயமான காரணம் இருக்குன்னு நீதிபதிக்குப் படணும், வெளிய போனா மறுபடி குற்றம் பண்ண மாட்டார்னும் படணும். சாட்சி ஒருத்தர்கூட கூண்டுல ஏறல, அதுக்குள்ள! கடனே வாங்கலைன்னு நிரூபிச்சுட்டுத்தான் வாசப்படி தாண்டணும்ங்கிற மாதிரி. இந்த நிபந்தனையை 2017-ல கோர்ட் ரத்து பண்ணுச்சு, 2018-ல அரசு திருத்தம் போட்டு உயிர் கொடுத்துச்சு, 2022-ல கோர்ட்டே சரின்னுருச்சு. விசாரணை இழுத்தா ஆளை உள்ளயே வச்சிருக்க முடியாதுன்னு 2024-ல டெல்லி முன்னாள் துணை முதல்வர் சிசோடியா 17 மாசம் இருந்த பிறகு தளர்த்துனாங்க.

பலரும் கோட்டை விடுற இடம் இ.டி. சம்மன். 'சும்மா விசாரணைதானே'ன்னு போறாங்க. போலீஸ்கிட்ட குடுக்குற வாக்குமூலம் மாதிரி இல்ல இது. பிரிவு 50-ல சொல்லிக் கையெழுத்துப் போட்டது கோர்ட்ல சாட்சியமாவே நிக்கும். கைது பண்ணா, காரணத்தை எழுத்துல குடுத்தே ஆகணும், 2023 அக்டோபர் தீர்ப்பு. குடுக்கலையா, கைதே செல்லாது.

இப்ப சிதம்பரம் கணக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பிஎம்எல்ஏ அமலுக்கு வந்தது 2005 ஜூலை 1. நிதியமைச்சர் அவர். மோசடி, லஞ்சத்துக்கெல்லாம் 30 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் இந்தச் சட்டம் பாயும்ங்கிற வரம்பை எடுத்த திருத்தம் அமலுக்கு வந்தது 2013. அப்பவும் அவரே! பேரேட்டைத் திறந்து வச்சவர் பேர்லயே பற்று எழுதுனாங்க. ஐஎன்எக்ஸ் மீடியா வழக்கு, அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு முதலீட்டு அனுமதி குடுத்ததுல முறைகேடுங்கிற புகார். குற்றச்சாட்டை அவர் மறுக்குறார். அசலான சிபிஐ வழக்குல 2019 அக்டோபர் 22-ல ஜாமீன் கிடைச்சிருச்சு. ஆனா ஆறு நாள் முன்னாடியே, அக்டோபர் 16-ல, இ.டி. கைது பண்ணிருச்சு. வெளிய வந்தது டிசம்பர் 4. மொத்தம் 106 நாள்.

மத்திய அரசு தரப்பு என்ன சொல்லுது? முகாந்திரம் இருக்கு, கோர்ட்டே ஜாமீன் மறுத்திருக்குன்னு. 14 எதிர்க்கட்சிகள் போட்ட மனுவையும், அரசியல்வாதிக்குத் தனி விதி கிடையாதுன்னு 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. நியாயம்தான். ஆனா 2025 மார்ச்ல நாடாளுமன்றத்துல குடுத்த பதிலைப் பாருங்க: 10 வருஷத்துல அரசியல்வாதிகள் மேல இ.டி. வழக்கு 193, தண்டனை 2. எந்தக் கட்சிக்காரங்க மேல எத்தனைன்னு கேட்டா, அப்படிக் கணக்கு வச்சுக்கறதில்லையாம். காலணாவுக்கும் பேரேடு வச்ச ஊர்ல வந்து இதைச் சொல்லிப் பாருங்க! கமெண்ட்ல திட்டுறவங்க, சப்ஸ்கிரைப் பண்ணிட்டுத் திட்டுங்க.