26 முறை ஒரே வாக்கு

நேயர்கள் அனைவருக்கும் அன்பின் வணக்கம்.

ஆட்டிசம் உள்ள ஒரு மகனைப் பெற்ற தாய் என்ற முறையிலும், திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று அங்கேயே வளர்ந்தவள் என்ற முறையிலும், ஜெபத்தைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். என் மகனுக்கு இப்போது 19 வயது. அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது வயது 3. அரசு ஆவணங்களில் இதைப் புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. குக்கரின் விசிலும் குழல்விளக்கின் இரைச்சலும் நம்மைவிட அதிகமாக அவனை வந்து தாக்குகின்றன. புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மிஞ்சி நுழைந்துவிடுவதே அவன் படும் பாடு.

அந்த முதல் ஆண்டுகளில் என் ஜெபத்தில் ஒரே விண்ணப்பம்தான் இருந்தது: இவன் பேச வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்தேன். எங்கள் ஊருக்கு வந்த ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒலிபெருக்கிகளின் முழக்கம் தாங்காமல் அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறியபோது, மேடையிலிருந்தவர் அவன் தலையில் கைவைத்து, இது முன்னோர் செய்த பாவத்தின் சாபம் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். வீட்டுக்கு வந்து வேதாகமத்தில் யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுத்தேன். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: யார் செய்த பாவம், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா? இருவருடையதும் அல்ல என்கிறார் இயேசு. அதுவரை எத்தனையோ முறை வாசித்த அந்தப் பகுதி, அன்று இரவு எனக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டது மதம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை உலகறியச் செய்தார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இல் அந்தக் கருத்தை வலுவாக மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டார்.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். என் மகனுக்குச் சொந்தமாகப் பேச்சு வரவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், தண்ணீர் வேண்டுமா என்பான். வேண்டும் என்பதற்கு அவன் சொல்லும் சொல் அதுதான் என்று விளங்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அவனுக்கு 7 வயதானபோது ஒரு நாள் இரவு, குடும்ப ஜெபத்தில் என் கணவர் வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 136ஆம் சங்கீதத்தை எடுத்தார். ஆலயத்தில் செய்வதுபோல் முற்பாதியை அவர் வாசிக்க, பிற்பாதியை நான் சொன்னேன். அந்தச் சங்கீதத்தில் 26 வசனங்கள் உண்டு. ஒவ்வொரு வசனமும் அவர் கிருபை என்றுமுள்ளது என்றே முடியும். மகன் வழக்கம்போல் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தான். நான்காவது வசனத்தில் நான் சொல்லி முடிக்குமுன், சுவரோரத்திலிருந்து ‘என்றுமுள்ளது’ என்று ஒரு குரல் வந்தது. அடுத்த வசனத்திலும் வந்தது. வானங்கள் உண்டானதற்கும், செங்கடல் பிரிந்ததற்கும், பாசானின் ராஜாவாகிய ஓக் வீழ்ந்ததற்கும் அவன் மறுமொழி சொல்லிக்கொண்டே நடந்தான். நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர் என்ற 23ஆம் வசனத்துக்கு வந்தபோது, என் கணவரால் மேலே வாசிக்க முடியவில்லை. மகன் நடப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த வரிக்காகக் காத்து நின்றான்.

அவனுக்குப் பொருள் தெரிந்தா சொல்கிறான் என்று அன்பாகவே பலர் கேட்டிருக்கிறார்கள். வேதாகமத்தில், பிள்ளை வேண்டி அன்னாள் என்ற பெண் ஆலயத்தில் ஜெபித்தபோது அவள் உதடுகள் மட்டும் அசைந்தன; சத்தம் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிவிட்டான். ஆகவே ஒருவருடைய ஜெபத்தை வெளியிலிருந்து அளக்க நான் துணிவதில்லை. மனப்பாடமாகச் சொல்லும் ஜெபம் உயிரற்றது, உள்ளத்திலிருந்து புதிதாகப் பொங்குவதே ஜெபம் என்று இளமையில் நானும் நம்பியவள். இன்று அப்படி நம்பவில்லை. நாளைக்கும் அதே நேரம், அதே பாய், அதே வரி என்பது என் மகனுக்கு ஊன்றி நிற்கும் தரை. ஞாயிறுதோறும் மாறாமல் வரும் ஆராதனை முறைமையும் அவனுக்கு அப்படிப்பட்ட தரைதான். திரும்பச் சொல்வதைப் பற்றி ஒன்றை வலியுறுத்துகிறேன்: பேச்சு வராத பிள்ளைக்கு, திரும்பி வரும் சொல் ஒரு வாசல். இவன் மாற வேண்டும் என்று அவனுக்காக மட்டுமே ஜெபித்துவந்த நான், அந்த இரவிலிருந்து அவனோடு சேர்ந்து ஜெபிக்கக் கற்றேன். என் பழைய விண்ணப்பத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அது நிறைவேறும் நாளுக்காக எங்கள் ஜெபம் இப்போது காத்திருப்பதில்லை.

சபைகளிடம் ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கியைச் சற்றே தணியுங்கள். வாசலருகே ஓர் இருக்கையை ஒதுக்குங்கள். பாட்டின்போது என் மகன் வெளியே வேப்பமரத்தடிக்குப் போவான், கர்த்தருடைய ஜெபத்துக்கு உள்ளே வருவான். எங்கள் சபைப் போதகரான ஐயர் அதற்காக அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். விரிவாகப் பேச எண்ணியிருந்ததைச் சுருக்கியே சொல்கிறேன். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின், சட்டப்படி பாதுகாவலராக நியமனம் பெற, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள். எங்களுக்குப் பின் முற்பாதியை யார் வாசிப்பார்கள் என்ற கேள்வியோடுதான் நாங்கள் பல இரவுகள் படுத்திருக்கிறோம். என் தம்பி மகள் தானாகவே முன்வந்து, சென்ற மாதம் முதல் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவள் வாசிக்கிறாள், அவன் மறுமொழி சொல்கிறான். நானும் என் கணவரும் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். நன்றி, வணக்கம்.