சேலை அட்டையில் இல்லாத ஒரு வரி

(தேசியக் கைத்தறி நாளையொட்டி நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

நியாய வணிகம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வணிக அறத்தைப் பற்றி நம் பழைய நூல்கள் சொல்வதையெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தாகிவிட்டது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டீர்கள். அதனால் மேற்கோள்களை விட்டுவிட்டு நேராகக் கடைக்குள் போய்விடலாம்.

கோ-ஆப்டெக்ஸில் பட்டுச் சேலை வாங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள். 2010-களில் அந்த நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு ஓர் அட்டையை இணைத்தது. நெய்தவரின் படம், பெயர், அவருடைய அனுபவம், அந்தச் சேலையை நெய்ய ஆன நாள்கள் எல்லாம் அதில் இருந்தன. சேலை வாங்குகிறவர் அதைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு மனிதரின் முகம் அவரைப் பார்க்கிறது. விளம்பரத்தில் நடிகை கட்டிக் காட்டும் சேலையைவிட இது மேல் என்பது என் கட்சி.

ஆனால் அந்த அட்டையில் சிலர் இல்லை. காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வோர் ஊடை, அதாவது குறுக்கு இழை, ஓடும்போதும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா மூன்று தேவை. தறிக்குழியில் கால் வைத்து மிதியை மிதிக்கிறவரால் மூன்றையும் எறிய முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவி. ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் கை ஈடாக இருந்தது. நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தாராகச் சுற்றுவது வீட்டுப் பெண்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதற்கென்றே ஓர் ஆள் வருவார். கண் போய்விடும் வேலை அது. இத்தனை பேருக்கும் சேர்த்து அட்டையில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது.

அதையாவது இடமில்லை என்று விட்டுவிடலாம். அட்டையில் இன்னொரு வரியும் இல்லை. இந்தச் சேலைக்கு நெய்தவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்ற வரி. என்ன பட்டு, என்ன ஜரிகை, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அதை மட்டும் ஏன் சொல்லவில்லை? கோ-ஆப்டெக்ஸை நான் குறை சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கூலி எவ்வளவு என்று விசாரித்தால் தெரிந்துகொள்ளவாவது முடியும். தனியார் பட்டுக் கடையின் கண்ணாடிக் கதவுக்குள் போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். குளிர்பானம் கொடுப்பார்கள், பதில் கொடுக்க மாட்டார்கள்.

2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். பெரும்பான்மையோர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. குடும்பத்தின் வருமானம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஐயாயிரத்துக்குள் தறிக்காரர், தார் சுற்றியவர், பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுத்தவர் எல்லோரும் அடக்கம்.

கூலியை முதலில் கணக்குப் போட்டு, அதன்மேல் துணியின் விலையை ஏற்றியவர்கள் யாராவது உண்டா என்றால், உண்டு. 1935-இல் நடந்தது அது. நடத்தியவர் காந்தி.

அகில இந்திய நூற்போர் சங்கத்தை 1925-இல் அவர் தொடங்கினார். அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர்தான் தலைமையிடம். இன்று பனியன் ஊர் என்று நாம் சொல்லும் அதே திருப்பூர். ஊர் ஊராகக் கிழவிகளும் கைம்பெண்களும் ராட்டையில் நூற்றுத் தருவார்கள், சங்கம் வாங்கி நெய்வித்து விற்கும். பத்து ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஓர் உண்மை உறுத்தியது. நாள் முழுவதும் நூற்றவளுக்குக் கிடைத்தது ஓர் அணாவை ஒட்டிய கூலி. நகரத்தில் தேசபக்தர் கதர் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அதை நூற்றவளோ, கதர் வாங்கக் கட்டுப்படியாகாமல் மில் துணி கட்டியிருந்தாள்.

1935 அக்டோபரில் சங்கத்தின் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டது. நூற்பவருக்குக் கொடுக்கும் கூலி போதாது, எட்டு மணி நேரம் திறம்பட வேலை செய்தால் ஒருவருக்கு உடம்புக்குத் தேவையான உணவும் ஆண்டுக்கு 20 கஜம் துணியும் கிடைக்கும்படி குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு மனுஷிக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று பார்த்து, அதிலிருந்து கூலிக்கு வந்து, கூலியிலிருந்து துணியின் விலைக்கு வருகிற வழி இது. சந்தையில் நாம் பார்க்கும் கணக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது.

இது எல்லோருக்கும் இனித்தது என்று நினைக்க வேண்டாம். காந்தி மனத்தில் வைத்திருந்தது நாளைக்கு எட்டணா. சங்கத்தால் எட்ட முடிந்தது அதற்கு வெகு கீழே. கதர் விலை ஏறினால் யார் வாங்குவார்கள், தேங்கிப்போகாதா என்று சங்கத்து ஊழியர்களே கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை பொய்யும் அல்ல. ஆனாலும் அவர் வழி மாறவில்லை. மலிவான கதர் வேண்டுமென்றால் அந்த மலிவுக்கு யார் பட்டினி கிடப்பது என்பதுதான் அவர் வாதத்தின் அடிப்படை.

சொல்ல மறந்துவிட்டேன், கோ-ஆப்டெக்ஸ் தொடங்கப்பட்டதும் அதே 1935-இல்தான்.

இப்போது அதே திருப்பூரின் இன்றைய கணக்குக்கு வருவோம். வெளிநாட்டு பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனத்தின் ஆள், ஒரு டி-ஷர்ட்டின் சாம்பிளைக் காட்டி, எனக்கு இத்தனை டாலருக்குள் வேண்டும் என்கிறார். ஏற்றுமதியாளர் கால்குலேட்டரை எடுத்துக் கழிக்கத் தொடங்குகிறார். நூல், நிட்டிங், சாயம், பிரின்டிங், பட்டன், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி, வங்கி வட்டி, தன் லாபம். எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன் செய்பவர்களின் கூலி. நூல் விலை ஏறினால் மில்லிடம் பேரம் பேச முடியாது. மின்கட்டணம் ஏறினால் வாரியத்திடம் பேரம் பேச முடியாது. ஜாப் வொர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணிடம் பேசலாம். அங்கேதான் பேசுகிறார்கள்.

ஏற்றுமதியாளரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவரே முன்பு இன்னொருவரிடம் தைத்துக் கொண்டிருந்தவராக இருப்பார். ஒரு ஆர்டருக்கு நான்கு நாடுகளில் விலை கேட்கும் பையருக்கு எதிரே அவருக்கும் குரல் இல்லை. கடையில் தொங்கும் டி-ஷர்ட்டின் விலையில் தைத்தவரின் கூலி நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டுவது அரிது. கூலியை இரட்டிப்பாக்கினால் ஆயிரம் ரூபாய் சட்டைக்கு இன்னும் இருபது முப்பது ரூபாய் கூடும். வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சின்னத் தொகைதான் அத்தனை கை மாறியும் கீழே வரமாட்டேன் என்கிறது.

கூலி மட்டுமா கணக்கில் விட்டுப்போனது? சாயத் தண்ணீரைக் கேளுங்கள். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனது. அதற்கு முன் ஏற்றுமதியான எந்த பனியனின் விலையிலும் அந்தக் கிணறுகள் இல்லை.

சரி, நல்ல கம்பெனிகள் தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளில் ஆடிட் செய்கிறார்களே, சான்றிதழ் வைத்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். வங்கதேசத்துக்குப் போவோம். டாக்காவை அடுத்த சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் கண்டது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் காலை ஆட்களை உள்ளே வரச் சொன்னன. வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் வந்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் தொழிற்சாலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியரால் வெளியே நிற்க முடிந்தது, தையல்காரப் பெண்ணால் முடியவில்லை. எந்தச் சான்றிதழும் இந்த வித்தியாசத்தை அளக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். எந்த பிராண்டுகளுக்காக அங்கே தைத்தார்கள் என்பதை நிறுவத் தொழிலாளர் அமைப்பினர் இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேடினார்கள். எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொன்ன நிறுவனங்களின் முன்னால் அந்தத் துணித் துண்டுகளை வைத்தார்கள். 2013 மே மாதத்தில் உடன்படிக்கை வந்தது. தீயிலிருந்தும் கட்டட ஆபத்திலிருந்தும் தொழிலாளரைக் காக்கும் பொறுப்பை, தொழிற்சங்கங்களோடு சேர்ந்து கையெழுத்திட்டு பிராண்டுகள் ஏற்றன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. நாங்கள் நல்லவர்கள் என்று தாங்களே அச்சடித்துக்கொள்ளும் அறிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

நம் திண்டுக்கல்லிலும் அப்படி ஓர் ஒப்பந்தம் வந்தது. 2021 ஜனவரியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் தொல்லையை மட்டுமல்லாமல் சாதியின் பேரால் நடக்கும் இழிவையும் பெயர் சொல்லித் தடுக்கும் ஒப்பந்தம் அது. எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டு ஆடை நிறுவனமும் கையெழுத்திட்டது. 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை நியமிக்க அது வழி செய்தது. தினமும் அந்த லைனிலேயே உட்கார்ந்து தைக்கிறவர்கள் அவர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கார் ஏறி வரும் ஆடிட்டரிடம் ஒரு பெண் வாய் திறப்பாளா, இவர்களிடம் திறப்பாளா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நியாய வணிக முத்திரை என்று உலகம் சொல்வது காபியில் தொடங்கியது. 1988-இல் மெக்சிகோவின் ஒவஹாகா மலைச் சிறு விவசாயிகளுக்காக நெதர்லாந்தில் முதல் முத்திரை வந்தது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஓர் அடிவிலை. 2023-இல் நிர்ணயித்தபடி, கழுவிய அராபிகா என்ற காபிக் கொட்டை வகைக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர், அதன்மேல் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு 20 சென்ட். 2001-இல் காபி விலை 50 சென்ட்டையொட்டிச் சரிந்தபோது அன்றைய அடிவிலை குடும்பங்களைக் காப்பாற்றியது. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அந்த விலை போய்ச் சேர்வது நிலம் வைத்திருப்பவரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு. அவர் தோட்டத்தில் நாள் கூலிக்குப் பழம் பறிக்க வந்தவருக்கு எவ்வளவு என்பது பாக்கெட்டின் மேல் இல்லை. அங்கேயும் அதே வரிதான் விட்டுப்போயிருக்கிறது.

முன்வரிசையில் ஓர் அம்மா கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார். "நூறு ரூபாய்க்கு நைட்டி வாங்குகிறவளிடம் நியாய விலை பேசலாமா?" பேசக் கூடாது. நூறு ரூபாய் நைட்டி வாங்குகிறவர் பெரும்பாலும் அதே மாதிரி ஒரு பட்டறையில் கூலி வாங்குகிறவர். அவரிடம் போய் அறம் பேசுகிறவரைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். முகூர்த்தப் பட்டுக்கு முப்பதாயிரம் எடுத்து வைக்கிறவர்களிடம் பேசலாம். அவர்கள் கடைக்காரரிடம் கூலி எவ்வளவு என்று கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதில் தயார் செய்து வைத்துக்கொள்வார்.

ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் துணி வாங்குகிறவர்களில் மிகப் பெரியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அரசு. 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்குக் கோடிக்கு மேல் சேலையும் அதே அளவு வேட்டியும் வாங்குகிறது. பள்ளிச் சீருடை தனி. நைட்டி வாங்குகிற அந்தப் பெண்ணின் வரியும் இதில் இருக்கிறது. அந்த வகையில் அவரும் பெரிய பையர்தான். இந்தச் சேலைகளுக்கு நெசவுக் கூலி எவ்வளவு என்பது ரகசியமில்லை. ஒரு சேலைக்கு இவ்வளவு, சீருடை மீட்டருக்கு இவ்வளவு என்று பைசா வரை அரசே நிர்ணயித்து அறிவிக்கிறது. நான் தேடுகிற வரி அங்கே அச்சில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். எட்டு மணி நேரம் தறி ஓட்டினால் அந்தக் கூலியில் எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய் வரும் என்று 1935 கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஈரோட்டிலும் திருச்செங்கோட்டிலும் இவற்றை நெய்யும் விசைத்தறிக்காரர்களிடம் கேட்டால் கூலிக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது நூலைப் பற்றித்தான். டெண்டர் தள்ளிப்போய் நூல் தாமதமாக வரும் ஆண்டுகளில் தறி சும்மா நிற்கிறது. பிறகு பொங்கலுக்குள் முடித்துக் கொடு என்று விரட்டுகிறார்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு விவரம் கேளுங்கள்: இந்த ஆண்டு சேலைக்குக் கூலி எவ்வளவு, நூல் எந்த மாதம் நெசவாளர் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நன்றி, வணக்கம்.