சனசமூக நிலையத்தின் மூன்று படிகள்

(யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஒன்றாகக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் நேரத்துக்கே வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, சமூக சேவை உத்தியோகத்தர்களே, கிராம அலுவலர்களே, ஓய்வூதியர் சங்கத்தின் மூத்த பெரியோர்களே, மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் நிர்வாகிகளே, பிள்ளைகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். என் பேச்சைச் சைகை மொழியில் பெயர்த்துத் தரும் தங்கைக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தரும் மாதர் சங்கத்தினருக்கும் நன்றி. தவிசாளர் ஐயா இடையில் எழுந்து போகவேண்டியிருக்கும் என்று தலைவர் சொன்னார். அவரிடம் ஒரு விண்ணப்பம். படிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதையான சாய்தளத்தைப் பற்றி நான் பேசி முடிக்கும்வரையாவது தயவுசெய்து இருங்கள்.

ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தினம். 8ஆம் திகதி ஓய்வூதியர் தினம். டிசெம்பர் 3ஆம் திகதி மாற்றுத்திறனாளிகள் தினம். மூன்று நாளுக்கும் மூன்று மேடை, மூன்று குத்துவிளக்கு. ஆனால் கீழே இருக்கிற ஆட்களைப் பாருங்கள். எழுபது வயதில் முழங்கால் தேய்ந்து ஊன்றுகோல் பிடித்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், போரில் கால் இழந்து ஜெய்ப்பூர்க் கால் போட்டிருக்கும் தம்பிக்கும் ஒரே படிதான் தடை. அதனால்தான் இன்று இரண்டு தரப்பையும் ஒரே மண்டபத்துக்கு அழைத்தோம்.

நான்கு விடயங்கள் பேச வந்திருக்கிறேன். சங்கத்தைத் தொடங்கி நடத்துவது ஒன்று. கொடுப்பனவு விண்ணப்பங்கள் ஏன் திரும்பி வருகின்றன என்பது இரண்டு. கட்டடங்களுக்குள் போவது மூன்று. வேலைவாய்ப்பும் சைகை மொழியும் நான்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எங்கள் ஆச்சிமார் சொன்ன ஒரே பழமொழி: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

எங்கள் மண்ணில் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. கைதடியில் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கு நவீல்ட் பாடசாலை, சுன்னாகத்தில் பார்வையற்றோருக்கு வாழ்வகம், கோண்டாவிலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குச் சிவபூமிப் பாடசாலை, செயற்கைக் கால் செய்து தரும் ஜெய்ப்பூர் நிலையம். அப்பால் மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு உயிரிழை. இவர்கள் செய்யும் தொண்டுக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் நிறுவனம் பராமரிக்கும், கற்பிக்கும், கால் செய்து கொடுக்கும். உங்கள் ஒழுங்கையில் மதகு உடைந்து சக்கர நாற்காலி போக முடியவில்லை என்று சபையில் கேட்கவேண்டியது உங்கள் ஊர்ச் சங்கம்.

அந்தச் சங்கத்தில் ஓய்வூதியர்களுக்கு என்ன வேலை? இங்கே இருக்கிற பாதிப் பேர் மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் கல்வித் திணைக்களத்திலும் தபால் கந்தோரிலும் முப்பது வருடம் அலுவலகக் கோவை பார்த்தவர்கள். ஒரு கடிதம் எந்த மேசையில் தங்கும், யாருக்குப் பிரதி போடவேண்டும் என்பது உங்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு வீட்டுக் கதிரையில் சும்மா இருக்கிறது. தேவை என்ன என்று மாற்றுத்திறனாளி சொல்லட்டும், அதை ஓய்வூதியர் எழுதட்டும். ஒரு நிபந்தனை மட்டும்: நிர்வாக சபையில் பெரும்பான்மை மாற்றுத்திறனாளிகளாக இருக்கவேண்டும். தலைவரும் பொருளாளரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளாகவும், மற்றவர்கள் பொன்னாடை வாங்குகிறவர்களாகவும் ஆகிவிட்டால் அந்தச் சங்கம் இரண்டாம் வருடத்தில் கலைந்துபோகும்.

தொடங்குவதற்குப் பதினைந்து பேர் போதும். முதலில் வீடு வீடாகப் போய் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: பெயர், வயது, என்ன குறைபாடு, என்ன கொடுப்பனவு வருகிறது, என்ன வரவில்லை. சம்மதம் கேட்டே எழுதுங்கள். மனநோய் உள்ளவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் வீட்டார் மறைப்பதுண்டு. முதல் நாளே வற்புறுத்தாதீர்கள், இரண்டாம் முறை போங்கள். பிறகு சங்க விதிகளைச் சொல்லும் யாப்பு, கூட்டக் குறிப்புப் புத்தகம், இருவர் கையொப்பத்தோடு வங்கிக் கணக்கு. சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் பதிவு. பதிவு இல்லாத சங்கத்தின் கடிதம் கோவையில் ஏறாது. கூட்டத்தைப் பென்சன் வருகிற நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். ஓட்டோவுக்குக் காசு கையில் இருக்கும்.

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து மாறிப்போய் இருக்கும். விண்ணப்பிக்க முன்னரே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து இணையுங்கள். இரண்டாவது, வைத்திய அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருக்கும். குறைபாடு நிரந்தரமா, அந்த ஆளால் எதைச் செய்ய முடியாது என்ற இரண்டும் எழுதப்படவில்லை என்றால் அறிக்கை இருந்தும் பயனில்லை. வைத்தியரிடம் அதைக் கேட்டு எழுதுவியுங்கள். மூன்றாவது, கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. பிரதி ஒன்று கொண்டுபோய்த் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அலுவலகத்தில் அந்த அழுகைக்குத் திகதி முத்திரை இருக்கவேண்டும்.

ஓய்வூதியர்களே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவறாமல் கேளுங்கள். உங்களில் சிலருக்கு நாற்பது வயதிலும் உங்களை நம்பி வாழும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிறது. எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் என்று இரவில் நினைக்காத பெற்றோர் இல்லை. விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்தில், உழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் தொடர்ந்து ஓய்வூதியம் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தக் குறைபாடு இளவயதிலேயே இருந்தது என்று மருத்துவச் சபையின் முன் நிறுவவேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அந்தப் பிள்ளைக்காக அதை நிறுவப்போவது யார்? சின்ன வயதுக் கிளினிக் கொப்பி, பாடசாலைச் சான்று, பழைய வைத்தியசாலை அட்டை என்று இருப்பதையெல்லாம் இன்றே ஒரு கோவையில் போடுங்கள். உங்கள் ஓய்வூதிய இலக்கம், விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவில் உங்கள் குடும்ப விபரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று நேரே போய்ப் பாருங்கள். கோவையின் ஒரு பிரதி சங்கச் செயலாளரிடம் இருக்கட்டும். வருடந்தோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழையும் சங்கம் கவனிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரின் பெயரைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கொடுத்தால் அவர் வீட்டுக்கு வந்து உறுதிப்படுத்துவார். அது தவறினால் பென்சன் நின்றுவிடும், திரும்ப எடுக்க மாதக்கணக்கு ஆகும்.

இப்போது சாய்தளம். தவிசாளர் ஐயா இன்னும் இருக்கிறார், மிக்க நன்றி.

அஜித் சி. எஸ். பெரேரா என்று ஒருவர் கொழும்புப் பக்கம் இருந்தார். கிரிக்கெட் பார்க்கிற தம்பிமார் காதைத் தீட்டுங்கள். அவர் இரசாயனவியல் படித்தவர், டெஸ்ட் போட்டிக்குரிய நடுவர் பட்டியலில் இருந்தவர். மைதானத்தின் நடுவில் வெள்ளைக் கோட்டோடு நாள் முழுக்க நின்று தீர்ப்புச் சொல்லவேண்டிய மனிதர். 1992இல் அவர் ஓட்டிப்போன காரின் மேல் வீதியோரத்து மரம் ஒன்று சரிந்து விழுந்தது. முள்ளந்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அன்று முதல் சக்கர நாற்காலி. யோசித்துப் பாருங்கள். யாருடைய பிழை? அவருடைய பிழை இல்லை. நாளைக்கு எங்கள் வீதியில் ஒரு வேப்பங்கொப்பு முறிந்தால் உங்களுக்கும் எனக்கும் அதேதான். அந்த மனிதர் எழுதத் தொடங்கினார். வங்கிக்குள் போகமுடியவில்லை என்று எழுதினார், மலசலகூடத்துக்குள் போகமுடியவில்லை என்று எழுதினார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைச் சொல்லியிருந்தது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்களை மாற்ற மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் படி படியாகவே இருந்தது. 2009இல் அவர் உயர் நீதிமன்றம் போனார். சட்டத்தரணியை வைத்தா? இல்லை. தன் வழக்கைத் தானே பேசினார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டது: புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகக்கூடியவையாக இருக்கவேண்டும். மைதானத்தில் விரலை உயர்த்தவேண்டிய மனிதர் நாட்டின் உச்ச மன்றத்தில் குரலை உயர்த்தினார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அவர் இன்று உயிரோடு இல்லை. அந்தக் கட்டளை இருக்கிறது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். எங்கள் சனசமூக நிலையங்களில் பத்திரிகை படிக்கிறோம், முதியோர் சங்கக் கூட்டம் வைக்கிறோம், கிளினிக் நடத்துகிறோம். வாசலில் மூன்று படி. ஒரு பிரிவுக்கு ஒரு சாய்தளம், அதுவே என் கோரிக்கை.

கணக்கைக் கேளுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டு அங்குலம், ஆகவே பதினெட்டு அடிச் சாய்தளம். அகலம் நான்கு அடி. மேலே கதவுக்கு முன் ஐந்துக்கு ஐந்து அடி சமதளம், இல்லாவிட்டால் நாற்காலியை நிறுத்திக் கதவைத் திறக்க முடியாது. சரிவுப் பகுதியின் கனவளவு 54 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஆகவே இது அரைக் கியூப்பைவிடச் சற்றுக் கூட. இதற்குத்தான் வருடக்கணக்காக நிதியில்லை என்கிறோம்! முற்றத்தில் இடம் குறைவென்றால் சுவரோரமாகத் திருப்பிக் கட்டுங்கள். ஆறு அடியில் முடித்துவிடாதீர்கள். அப்படிக் கட்டியதில் தள்ளுகிறவர் மூச்சு வாங்குவார், தனியாக வருகிறவர் பின்னால் சரிவார். பளபளக்கும் தரை ஓடுகளைப் பதிக்காதீர்கள், மாரி மழைக்கு வழுக்கும். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிடுங்கள். இரு பக்கமும் மூன்று அடி உயரத்தில் கைபிடி, ஓரத்தில் மூன்று அங்குல வரம்பு. சாய்தளத்தின் அடி நிலத்தோடு சமமாகச் சேரவேண்டும். படலையிலிருந்து அங்கே வரை கெட்டித் தரை வேண்டும். குருமணலில் முன்சக்கரம் புதைந்தால் அழகான சாய்தளம் இருந்தும் பயனில்லை.

மலசலகூடத்தில் ஒரு கொமட், அதன் இருக்கை நிலத்திலிருந்து பதினெட்டு அங்குலம். உள்ளே ஐந்து அடி வட்டம் திரும்ப இடம். கதவு வெளியே திறக்கவேண்டும். உள்ளே திறக்கும் கதவென்றால், ஒருவர் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடக்கும்போது யாராலும் திறக்க முடியாது. பிடிகம்பியைச் சாந்துப்பூச்சில் ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். முழு உடல் எடையும் அதில் வரும், சுவரின் கல்லுக்குள் ஆழமாகப் போல்ற் போடுங்கள். கட்டியபின் பூட்டித் திறப்பைத் தலைவர் வீட்டில் வைக்கும் வழக்கத்தையும் இன்றோடு விடுவோம்.

எப்படிக் கேட்பது? சபையின் பாதீடு வருட முடிவில் வரும். அதற்கு முன்னரே அளவோடும் படத்தோடும் மதிப்பீட்டோடும் முன்மொழிவு கொடுங்கள். பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் கடிதத்துக்கு என்ன முடிவு எடுத்தீர்கள் என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதற்கும் மேலே, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றம் இருக்கிறது. அழுத பிள்ளை என்பது இதுதான். சத்தம் போடவேண்டியதில்லை, இலக்கமிட்ட கடிதம் போடவேண்டும்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். வேலைவாய்ப்பைப் பற்றியும் சைகை மொழியைப் பற்றியும் பேச நேரமில்லை. 1988ஆம் ஆண்டின் அரச சுற்றறிக்கை வெற்றிடங்களில் மூன்று வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது என்பதை மட்டும் இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஓர் ஓய்வூதியர், ஒரு மாற்றுத்திறனாளி, இருவராகப் பெயர் எழுதுங்கள். வருகிற ஞாயிறு உங்கள் நிலையத்துக்கு அளவு நாடாவோடு போங்கள். மூன்று அளவு எடுத்தால் போதும்: படியின் மொத்த உயரம், வாசலிலிருந்து படலைக்கு உள்ள தூரம், கதவின் அகலம். கதவு மூன்று அடிக்குக் குறைவென்றால் அதையும் எழுதுங்கள். அந்த அளவுகளை ஒரே மனுவாக்கித் தவிசாளர் ஐயாவின் கையில் கொடுக்கப்போகிறோம். வாங்கிக்கொள்வதாக அவர் தலையசைத்ததை எல்லோரும் கண்டீர்கள். நன்றி, வணக்கம்.