கிளுவை வேலியும் ஒரு சொம்பு அரிசியும்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், ஈரோட்டுப் பெருமக்களுக்கும் வணக்கம். உபவாச ஜெபம் மாற்றுவது சூழ்நிலையையா, ஜெபிக்கிற மனிதனையா என்பது தலைப்பு. மனிதனையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், வேதாகமத்தில் யோனாவின் புத்தகத்தில் வரும் நினிவே நகரத்தைக் காட்டினார். அது முறையான வாதம், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் போகிற போக்கில் அவர் எங்கள் அணியைப் பார்த்து, “மனம் மாறுவதற்கு வயிற்றை எதற்காகக் காயப்போட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்டால் போதாதா?” என்று ஒரு கேள்வியை வீசினார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் எனக்கு என் அம்மிச்சியின், அதாவது என் பாட்டியின், நினைவு வந்துவிட்டது. ஏனென்றால், ‘உன்னைப்போல் பிறனையும் நேசி’ என்ற பிரசங்கத்தை நாற்பது வருடமாக, ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் அவர். அந்த நாற்பது வருடத்தில் இருபது வருடம் பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவரும் அவரேதான்.

காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கிளுவை வேலி இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வேலி ஒரு முழம் எங்கள் பக்கம் ஏறி வந்துவிட்டது என்பதுதான் சண்டை. ஒரு வருடம் லெந்து நாட்களில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில், அம்மிச்சி வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் எடுத்தார். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, “ஆண்டவரே, அந்த வேலியை நகர்த்திக் கொடும்” என்று வாய்விட்டு ஜெபிப்பார். எட்டு வயதுப் பிள்ளையாகிய நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேலி எப்போது நகரும் என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். தாம் உண்ணாத வேளைக்குரிய அரிசியை அளந்து, ஆலயத்துக் காணிக்கைக்காக ஒரு பித்தளைச் சொம்பில் போட்டு வைப்பது அவர் வழக்கம்.

முதல் வெள்ளி போயிற்று, இரண்டாம் வெள்ளியும் போயிற்று, வேலி அசையவில்லை. மூன்றாம் வெள்ளி உச்சி வேளையில் ஜெபித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். சுற்றிலும் எல்லா வீடுகளிலும் சோறு பொங்கும் வாசனையும் கொள்ளுப் பருப்பு கடையும் வாசனையும் வருகின்றன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை, கூரைக்கு மேலே புகையும் இல்லை. “ஏன் கண்ணு, அந்த வீட்டுல நேத்தும் பொகை வரலையே?” என்று என்னைக் கேட்டார். சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். வேலியில் வழி கிடையாது. ஆகையால் தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் இறங்கி, வேகாத வெயிலில் முழுத் தோட்டத்தையும் சுற்றிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார். ஆத்தாவின் கணவர் சந்தைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆத்தா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். உபவாசத்தை இன்னும் முடிக்காத அம்மிச்சி, தம் பங்கு அரிசியில் கஞ்சி காய்ச்சிக் கொத்துமல்லித் துவையல் அரைத்து அவருக்கு ஊட்டினார்.

அவையோர் பொறுத்தருள வேண்டும், அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை சொல்கிறேன். வயிறு நிறைந்த நாட்களில் இருபது வருடமாகத் தெரியாத பக்கத்து வீட்டு அடுப்பு, வயிறு காய்ந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை தெரிந்தது. பிரசங்கம் காதுக்குள் போயிருந்தது. பசிதான் மூக்கைத் திறந்தது. வயிற்றை எதற்காகக் காயப்போட வேண்டும் என்று கேட்ட எதிரணித் தலைவருக்கு, அம்மிச்சியின் பேத்தி சொல்லும் பதில் இதுதான்.

இப்போது நினிவேக்கு வருகிறேன். அந்த நகரம் உபவாசம் இருந்தது, அழிவு விலகியது, ஆகவே சூழ்நிலை மாறியது என்றார் எதிரணித் தலைவர். யோனாவின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை அவர் வாசித்துக் காட்டவில்லை. அவர்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பியதைத் தேவன் பார்த்தார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. உடுத்திய இரட்டுத் துணியையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்தார் என்று எழுதவில்லை. ஏசாயா 58ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: உபவாச நாளிலேயே வேலைக்காரனை ஒடுக்குகிறவர்களைக் கடிந்துகொண்டு, பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதே தாம் விரும்பும் உபவாசம் என்கிறார் ஆண்டவர். மலைப்பிரசங்கத்தில் இயேசு, முகத்தைக் கழுவித் தலைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, வெளியே தெரியாமல் உபவாசம் இருக்கச் சொன்னார். அடுத்தவருக்குக் காட்டவோ, ஆண்டவரிடம் அடம்பிடிக்கவோ அது கொடுக்கப்படவில்லை.

திருச்சபையின் ஒழுங்கும் உடலை வதைப்பதற்காக ஏற்பட்டதன்று. சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்று உபவாசம் இல்லை. கத்தோலிக்கச் சகோதரர்கள் சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒரு முழு உணவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கும் 60ஆம் வயதில் அடியெடுத்து வைத்தவர்களுக்கும் அந்தக் கடமை கிடையாது. சோற்றை இழிவாக நினைப்பவர்கள் இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

நடுவர் அவர்களே, அந்த வேலி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இன்றுவரை ஒரு சாண்கூட நகரவில்லை. சந்தையிலிருந்து திரும்பிய அந்த வீட்டுப் பெரியவர், எங்கள் அம்மிச்சி மறுபடியும் வெயிலில் சுற்றி வரக்கூடாது என்று, தாமே அரிவாளை எடுத்து ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடவு வெட்டினார். அதன் வழியாகக் கீரையும் மோரும் போய்வந்தன. மாரியம்மன் நோன்புக்கு அவர்கள் வீட்டு மாவிளக்கும் பச்சைமாவும் வந்தன. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் போயிற்று.

அம்மிச்சியை அடக்கம் செய்த வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஆத்தா கடவு வழியாகக் குனிந்து எங்கள் வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. என் அம்மாவைப் பார்த்து, “ஏனம்மிணி, இன்னைக்கி அக்காவுக்காக நான் ஒருவேள சோறு திங்காம இருந்தா, உங்க சாமி ஏத்துக்குமா?” என்று கேட்டார். என் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே போய், அலமாரியிலிருந்த அந்தப் பித்தளைச் சொம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

விடைபெறுகிறேன்.