'இஃப்....' படத்துல பிளாக் அண்ட் ஒயிட் ஏன் வருது? கனவுத் தியரி கோஷ்டிக்கு ஒரு பதில்

மக்களே, இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது, நேரா விஷயத்துக்கு வரேன், ஏன்னா போன வீடியோ போட்டதுலேர்ந்து கமெண்ட் படிச்சுப் படிச்சு செம கடுப்புல இருக்கேன். டைரக்டர் லிண்ட்ஸே ஆண்டர்சனோட 'இஃப்....' படம் பத்தி போற போக்குல ஒரு வரி சொன்னேன்ல, அதுக்குக் கீழ பாதிப் பேர் ஒரே பாட்டு. "ப்ரோ, கலர்ல வந்தா நிஜம், பிளாக் அண்ட் ஒயிட்ல வந்தா கனவு, இதுகூடத் தெரியாம சேனல் நடத்துறீங்களா". ஒருத்தர் சீன் சீனா டேபிள் போட்டே அனுப்பியிருக்கார். உழைப்புக்கு சல்யூட். ஆனா தலைவா, அந்த டேபிளை எழுதும்போது படத்தைப் பக்கத்துல ஓடவிட்டுப் பார்த்தீங்களா இல்லையா?

படம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1968, இங்கிலாந்து, வசதியான வீட்டுப் பசங்க தங்கிப் படிக்கிற ஸ்கூல். அங்க வாத்தியாருங்களை விட மூத்த பசங்க கையிலதான் குச்சி இருக்கும், படத்துல அவங்க பேரு 'விப்ஸ்'. அவங்களுக்கு அடங்காத பையன் மிக் டிராவிஸா மால்கம் மெக்டொவல், அவரோட முதல் பெரிய ரோல் இதுதான். இதைப் பார்த்துட்டுத்தான் டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் அவரை 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்'ல போட்டார். கடைசியில ஸ்கூல் விழா அன்னைக்குப் பசங்க கூரை மேல ஏறி விருந்தாளிங்களைச் சுடறாங்க. ஸ்பாய்லர்னு கத்தாதீங்க, அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

இதை மறுபடி பார்த்துட்டுத்தான் பேசணும்னு பிரிட்டன்லேர்ந்து ப்ளூரே டிஸ்க் வரவழைச்சேன். இங்க கொஞ்சம் புலம்பிக்கறேன், வேண்டாதவங்க ஸ்கிப் பண்ணிக்கோங்க. டிஸ்க் விலை 2,100 ரூபா. அனுப்பற செலவு 900. சரி போகட்டும்னு விட்டா, வீட்டு வாசல்ல வந்து நிக்கிற பையன் டூட்டி கட்டுங்க சார்ங்கறான், அது தனி. அதையும் கட்டி, பிரிச்சு, பிளேயர்ல போட்டா "இந்த ரீஜியன்ல ஓடாது"ன்னு வருது! பிரிட்டன் ப்ளூரே ரீஜியன் பி, நம்ம ஊரு ரீஜியன் சி. டிஸ்க் என்னோடது, பிளேயர் என்னோடது, கரண்ட் பில் என்னோடது, பார்க்கறதுக்கு மட்டும் இன்னொருத்தன் பர்மிஷன் தரணும். இந்த ரீஜியன் கோடைக் கண்டுபிடிச்சவன் மேல எனக்கு இருக்கிற கோவம் இந்த ஜென்மத்துல தீராது. கடைசியில ரிச்சி தெருல ஒரு அண்ணன் பழைய மல்டி ரீஜியன் பிளேயர் ஒண்ணு தூசி தட்டி எடுத்துக் குடுத்தார், ரிமோட் கிடையாது, ட்ரேயைக் கையாலதான் இழுக்கணும், ஆனா போட்ட உடனே ஓடுச்சு பாருங்க, வேர்ல்டு கப் ஜெயிச்ச மாதிரி ஒரு ஃபீலிங்கு. பாருங்க, இதோ பின்னாடி ஷெல்ஃப்ல இருக்கு, கறுப்பா. அண்ணனுக்கு ஒரு லைக்.

சரி, விஷயம். கனவுத் தியரியை அந்தப் படமே உடைச்சிடுது. அந்தக் கூரைச் சண்டை, இருக்கிறதுலயே பெரிய கற்பனை, அது முழுக்கக் கலர். ஹெட்மாஸ்டர் ரூம்ல ஒரு பெரிய டிராயரை இழுக்கறார், உள்ள ஸ்கூல் பாதிரியார் படுத்திருக்கார், எழுந்து உக்காந்து பசங்ககிட்ட கை குடுத்து மன்னிப்பை வாங்கிக்கிட்டு மறுபடி படுத்துக்கறார். டிராயரை மூடிடறாங்க! இதை விடக் கனவு வேணுமா? அதுவும் கலர். ஆனா சேப்பல்ல, அதாவது ஸ்கூலுக்குள்ள இருக்கிற சர்ச்ல, பசங்க வரிசையா நின்னு பாட்டு பாடறது, டெய்லி நடக்கிற பிரேயர், அது பிளாக் அண்ட் ஒயிட். அப்ப பிரேயர்தான் கனவா?

நிஜக் காரணம் வெளிச்சமும் காசும். ஷூட்டிங் நடந்தது செல்டன்ஹாம் காலேஜ்ல, ஆண்டர்சன் படிச்ச ஸ்கூலே அதுதான். (அவர் பர்மிஷன் வாங்கினப்ப ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டினது வேற மாதிரி மாத்தி எழுதின ஸ்கிரிப்ட்டு, அது தனிக் கூத்து.) அந்த சேப்பல் ஜன்னல் எல்லாம் ராட்சச சைஸ். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் கொட்டணும், அவ்ளோ பெரிய ஹால்ல லைட் கட்டி முடிக்கவே நேரம் போயிடும், வெளில மேகம் வந்தா ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்தோட நிறமே மாறிடும், ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் ஒட்டாது. கேமராமேன் மிரோஸ்லாவ் ஒண்ட்ரிச்செக், செக் நாட்டுக்காரர், இருக்கிற காசுக்கும் நேரத்துக்கும் கலர் சீரா வரும்னு என்னால உத்தரவாதம் தர முடியாதுன்னு சொல்லிட்டார். அப்ப பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்துடலாம்னு ஆண்டர்சன் முடிவெடுத்தார், எடுத்தது பிடிச்சுப் போச்சு, அப்புறம் வேற சீன்லயும் அங்கங்க தூவி விட்டார். அவ்ளோதான் மேட்டர்.

அதனால அது குருட்டாம்போக்கு, அர்த்தமே இல்லன்னு நான் சொல்லல, அதையும் திரிச்சு ஷார்ட்ஸ் போட்டுடாதீங்க. ஜிம்ல மிக்கோட கூட்டாளி வாலஸ் உயரக் கம்பியில சுத்தறதை, ஃபிலிப்ஸ்னு ஒரு சின்னப் பையன் மேல நின்னு பார்ப்பான், ஸ்வெட்டரைத் தலை வழியா இழுத்து மாட்டிக்கிட்டே. ஸ்லோ மோஷன், பிளாக் அண்ட் ஒயிட். ஒரு டயலாக் கிடையாது. அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சிடும். அதே ஷாட்டைக் கலர்ல நினைச்சுப் பார்க்கறேன், சுவரு, பாயி, பசங்க டிரவுசர்னு எல்லாம் நடுவுல வந்து நிக்கும். சோ ஆண்டர்சனுக்குக் கண்ணு இருந்துச்சு, ஆனா முதல்ல கதவைத் திறந்து விட்டது பட்ஜெட்.

ஐயோ, ஒண்ணு சொல்லாம விட்டேன், முன்னாடியே வந்திருக்கணும் இது. ஆண்டர்சனும் ஒண்ட்ரிச்செக்கும் இதுக்கு முந்தி சேர்ந்து பண்ணின படம் 'தி ஒயிட் பஸ்', 1967, ஒரு மணி நேரம்கூட இல்ல. அது பிளாக் அண்ட் ஒயிட் படம், ஆனா நடுவுல திடீர்னு ஒரு ஷாட் கலர்ல வரும், போயிடும். அதாவது கலக்கி அடிக்கிற பழக்கம் ஏற்கெனவே கைல இருந்தது. சேப்பல்ல சிக்கல் வந்தப்ப வேற டைரக்டரா இருந்தா தலைல கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், இவர் அலட்டிக்கவே இல்ல.

இன்னொண்ணு, "பாரிஸ் மாணவர் போராட்டத்தைப் பார்த்து சுட்ட கதை"ன்னு ஒரு கமெண்ட். அம்மா தாயே, டேவிட் ஷெர்வினும் ஜான் ஹௌலெட்டும் இந்த ஸ்கிரிப்டை ஆரம்பிச்சதே 1960ல, அப்ப பேரு 'குருசேடர்ஸ்'. ஷூட்டிங் 1968 மார்ச்சுல ஆரம்பிச்சாச்சு, பாரிஸ் வெடிச்சது மே மாசம். படம் வந்தது டிசம்பர்ல, அதனால எல்லாருக்கும் அப்படித் தோணுச்சு. அடுத்த வருஷம் கான் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல பெரிய பரிசே இதுக்குத்தான்.

காசுன்னு சொன்னேன்ல, எந்தக் காசு? முதல்ல சிபிஎஸ் தர்றதா இருந்து கழண்டுக்கிச்சு, அப்புறம் பாரமவுண்ட் குடுத்துச்சு. ரெண்டுமே அமெரிக்கா. அப்ப பிரிட்டிஷ் படம்னு போர்டு மாட்டின எல்லாத்துக்கும் இதே நெலமைதான், 60களோட கடைசியில அங்க போட்ட முதலீட்டுல 90 சதவீதம் வரைக்கும் அமெரிக்கக் காசுன்னு கணக்கு. ஏன் கொட்டினாங்க? பீட்டில்ஸ், ஜேம்ஸ் பாண்ட்னு லண்டன் உலகத்துக்கே ஃபேஷனா இருந்தது ஒண்ணு. ஈடி லெவின்னு ஒரு வரி இருந்தது இன்னொண்ணு. தியேட்டர் டிக்கெட்ல ஒரு பங்கைப் பிடிச்சு, பிரிட்டிஷ் படம்னு தகுதி வாங்கின படங்களுக்கு வசூலுக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் குடுப்பாங்க. உள்ளூர்ப் படத்தை வாழ வைக்கக் கொண்டு வந்த திட்டம், ஹாலிவுட்காரன் லண்டன்ல ஒரு கம்பெனி திறந்து அதையும் வாங்கிட்டுப் போனான். நல்லா ஓடற படத்துக்குத்தான் நிறையப் பங்கு, அப்ப பாண்டுக்குத்தான் லாபம், சின்னப் படத்துக்கு என்ன கிடைச்சிருக்கும்?

ஆனா எனக்கு இதுல பிடிச்ச விஷயமே இதுதான், காசு குடுத்தவன் கேட்டது மினி ஸ்கர்ட்டும் கிடாரும், வந்து சேர்ந்தது வேற. வார்னர் 1968ல ராக் பாடகர் மிக் ஜாகரை வச்சு ஜாலியா பாட்டுப் படம் வரும்னு காத்திருந்தாங்க, கைல வந்தது 'பெர்ஃபார்மன்ஸ்', பார்த்துட்டு பயந்து 1970 வரைக்கும் பொட்டியிலயே வச்சிருந்தாங்க. யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸ் காசுல கென் லோச் 'கெஸ்' எடுத்தார், பார்ன்ஸ்லி சுரங்க ஊர்ல ஒரு பையனும் ஒரு வல்லூறும், அந்த வட்டாரப் பேச்சு லண்டன்காரனுக்கே பாதி புரியாது. இதையெல்லாம் விட்டுட்டு அந்தக் காலத்தைப் பத்தி வீடியோ போடறவங்க எல்லாம் லண்டன் ஃபேஷன் கடைங்க இருக்கிற கார்னபி தெரு, சிவப்பு பஸ், கலர் கலரா சட்டைன்னு அதே கிளிப்பைத்தான் ஓட்டறாங்க. அலுத்துப் போச்சு எனக்கு.

'இஃப்....'ல அடி சீன் பாருங்க. ரவுண்ட்ரீன்னு ஒரு விப், பிரம்பைப் பிடிச்சுக்கிட்டு ஜிம்மோட அந்தக் கோடியிலேர்ந்து ஓடி வந்து அடிப்பான், ஷூ சத்தம் தடதடன்னு வரும், அப்புறம் விளாசல். மறுபடி நிதானமா நடந்து போய் நிப்பான். மறுபடி ஓட்டம். மிக்கோட கூட்டாளிங்க ரெண்டு பேருக்கும் சீக்கிரம் முடிஞ்சுடும், மிக்குக்கு மட்டும் போய்க்கிட்டே இருக்கும். எல்லாம் முடிஞ்சு அடி வாங்கினவன் கை குடுத்து "தேங்க் யூ, ரவுண்ட்ரீ"ன்னு சொல்லணும், அது அங்க முறை. அந்த நன்றியிலதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது, அடியில இல்ல.

1969லேர்ந்து ஹாலிவுட்டுக்கே நஷ்டம், கடையைக் கட்டிட்டுக் கிளம்பினாங்க. குப்ரிக் '2001' எடுத்த போரம்வுட் எம்ஜிஎம் ஸ்டூடியோவை 1970ல மூடிட்டாங்க. அந்தக் கதைக்கு ஒரு முழு வீடியோ வேணும், அதுக்கு முன்னாடி 'கெஸ்' வரும், அதுல வாத்தியார் தன்னை இங்கிலாந்து ஃபுட்பால் ஸ்டார் பாபி சார்ல்டன்னு நினைச்சுக்கிட்டு ஃபுட்பால் ஆடற சீனுக்கு மட்டும் பத்து நிமிஷம் பேசுவேன், இப்பவே சொல்லிட்டேன். டேபிள் போட்ட ஐயா, உங்க டேபிள்ல அந்த டிராயர் சீனை நிஜம், கனவு ரெண்டுல எந்தக் கட்டத்துல வச்சிருக்கீங்கன்னு மட்டும் கீழ சொல்லுங்க, பின் பண்ணி வைக்கறேன்.